சோளகமா, வாடையா? இலங்கையில் கடலுக்கும் காட்டுக்கும் போகும் காலம்

நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களில் பலர் ஆண்டுக்கு ஒருமுறை கரை மாறுவார்கள். சித்திரை கழிந்து மேற்குக் கடல் புரளத் தொடங்கியதும் படகையும் வலையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு கொக்கிளாய், நாயாறு, திருகோணமலைக் கரைகளுக்கு வந்து வாடி, அதாவது தற்காலிகக் குடிசை, போடுவார்கள். கிழக்கில் காற்றுத் திரும்பும் காலம் வந்தால் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். இதனால் உள்ளூர் மீனவர்களுடன் எழும் தகராறு தனிக்கதை. ஆனால் இலங்கைக்குச் சுற்றுலா வருகிறவருக்கு இதைவிட நல்ல நாட்காட்டி கிடையாது. படகுச் சவாரி, குளிக்கும் கடற்கரை, பவளப்பாறை, திமிங்கிலம் எல்லாவற்றையும் எந்தக் கரையில் தேடுவது என்பதைக் காற்றுத்தான் முடிவுசெய்கிறது. விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்த மாதத்தில் வந்து இறங்கிவிட்டு, “கடல் ஏன் இப்படிக் கொந்தளிக்கிறது?” என்று கேட்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

கரையோரத் தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. தென்மேற்கிலிருந்து அடிப்பது சோளகம். வடக்கும் வடகிழக்கும் சேர்ந்தது வாடை. கிழக்குக் காற்று கொண்டல், மேற்குக் காற்று கச்சான். (மட்டக்களப்பில் கச்சான் என்றால் கடலை மட்டும் இல்லை, கோடையில் உதட்டை வெடிக்கவைக்கும் அந்த வறண்ட காற்றும்தான்.) மே முதல் செப்டெம்பர் வரை சோளகத்தின் ஆட்சி. அது ஈரத்தையெல்லாம் தென்மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் காய்ந்துபோய்க் கிழக்கில் இறங்கும். அந்த மாதங்களில் ஹிக்கடுவை, உணவட்டுன, மிரிஸ்ஸ கரைகளில் அலை உயர்ந்து தண்ணீர் கலங்கியிருக்கும். அதே நாளில் கிழக்குக் கரையின் நிலாவெளியும் பாசிக்குடாவும் குளம்போலக் கிடக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை. அப்போது இது தலைகீழ்.

நடுவில் வரும் இரண்டு இடைக்காலங்களையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது. மார்ச், ஏப்ரலில் காற்று ஓய்ந்து, பெரும்பாலும் பிற்பகலில் இடியும் மழையும் வரும். காலைக் கடல் இரு கரையிலும் நன்றாகவே இருக்கும். ஒரே பயணத்தில் தெற்கையும் கிழக்கையும் பார்க்க விரும்புகிறவருக்கு ஏப்ரலைவிட நல்ல மாதம் இல்லை. அக்டோபர், நவம்பரோ வங்கக்கடலில் தாழமுக்கம் பிறக்கும் காலம். மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட 1978ஆம் ஆண்டுச் சூறாவளி நவம்பரில் வந்தது. 2020இல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறிய புரேவி டிசெம்பர் தொடக்கத்தில் வந்தது. நவம்பரில் கிழக்குக் கரையில் படகுப் பயணத்துக்கு முன்பணம் கட்டுவது சூதாட்டம்.

வற்றுப்பெருக்கைப் பற்றி இங்கே அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இலங்கையைச் சுற்றிக் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீற்றரைத் தொடுவதில்லை. கவனிக்கவேண்டியது நாளுக்குள் மாறும் காற்று. இரவில் தரை குளிர்ந்து, தரைக்காற்று கடலை நோக்கி மெல்ல வீசும். விடியற்காலையில் கடல் மட்டமாக இருப்பது அதனால்தான். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று உள்ளே திரும்பும். பத்துப் பதினொரு மணிக்குள் சிற்றலைகள் வெள்ளை நுரை கட்டத் தொடங்கும். திமிங்கிலப் படகுகள் காலை ஆறு, ஆறரைக்குப் புறப்படுவதும், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்கு விடியலிலேயே போ என்பதும் இதைக் கணக்கில் எடுத்துத்தான். பத்து மணிப் பயணத்துக்கு விலை குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கப்போகும் உப்புத்தண்ணீருக்கான தள்ளுபடி அது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனித் திமிங்கிலம். நீலத் திமிங்கிலங்கள் பொதுவாகத் துருவக் கடல்களில் இரைதேடி, வெப்பக் கடல்களில் இனப்பெருக்கம் செய்பவை. இலங்கையைச் சுற்றி இருக்கும் கூட்டம் அந்த வழக்கத்துக்கு அடங்காமல் ஆண்டு முழுவதும் வட இந்து சமுத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. காரணம் இரை. தீவின் தென்முனையான தெவிநுவரவுக்கு அப்பால் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, மிகவும் ஒடுங்கியது. கரையிலிருந்து சில கிலோமீற்றரிலேயே கடல் திடீரென ஆழத்துக்கு விழுகிறது. அந்தச் சரிவில் அடியிலிருந்து சத்துள்ள நீர் மேலே வர, கூனியிறால் போன்ற சிற்றுயிர்கள் பெருகும். திருகோணமலையில் இன்னும் விசேடம்: துறைமுக வாயிலின் அருகிலேயே கடலடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு தொடங்குகிறது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையின் உச்சியிலிருந்தே, நல்ல நாளில், திமிங்கிலம் மூச்சுவிடுவதைப் பார்க்க முடிவது இதனால்தான். தெற்கில் பார்க்கும் காலம் டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை. திருகோணமலையில் மே முதல் செப்டெம்பர் வரை. திமிங்கிலம் கரை மாறுகிறதோ இல்லையோ, படகு போகக்கூடிய கடல் மாறுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

கடலில் முதலில் தெரிவது உடல் இல்லை, மூச்சு. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு செங்குத்தாக, ஒல்லியாக, ஒன்பது மீற்றர்வரை எழும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் (ஆங்கிலத்தில் ஸ்பேர்ம் வேல்) மூச்சு முன்பக்கமாக, இடப்புறம் சாய்ந்து, புதர்போலப் பரவும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் காத்திருக்கவேண்டிய நேரமும் தெரிந்துவிடும். நீலத் திமிங்கிலம் சில தடவை மூச்செடுத்துவிட்டு முதுகை வளைத்து மூழ்கினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி மேலே வரும். எண்ணெய்த் திமிங்கிலம் முக்கால் மணி நேரம்கூடக் கீழே நிற்கும். அதன் வால் மேலே போனதைப் பார்த்த பிறகு அங்கேயே நின்று டீசல் புகையைச் சுவாசிப்பதில் பயனில்லை.

நல்ல படகோட்டியை அடையாளம் காண்பதும் இந்த இடத்தில்தான். மூச்சு தெரிந்த இடத்துக்கு நேரே பாய்கிறவர் கெட்டிக்காரர் இல்லை. அவர் போய்ச் சேரும்போது திமிங்கிலம் மூழ்கியிருக்கும், அடுத்தமுறை தொலைவில் எழும். தெரிந்தவர் அது போகும் திசையைப் பார்த்து, பக்கவாட்டில், அதே வேகத்தில், விலகியே போவார். முன்னால் குறுக்கே வெட்டமாட்டார். இலங்கையில் 2012இல் வந்த கடற்பாலூட்டி அவதானிப்பு விதிகளின்படி திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் படகு போகக்கூடாது. விதியை மீறும்படி படகோட்டியைத் தூண்டுவது பெரும்பாலும் படகில் இருப்பவர்கள்தான். “இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கோ அண்ணே” என்ற குரல் எழாத படகு குறைவு. மூன்று படகுகள் சுற்றிவளைத்தால் திமிங்கிலம் தேவையான அளவு மூச்செடுக்காமலே மூழ்கும். இழப்பு அதற்கும் பயணிக்கும் சேர்த்துத்தான்.

சுற்றுலாப் படகைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அங்கே இருக்கிறது. தெவிநுவரவுக்குத் தெற்கே செல்வது உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. திமிங்கிலங்கள் இரைதேடும் சரிவின் மேலேயே அது போகிறது. கப்பலில் அடிபட்டு இறந்த நீலத் திமிங்கிலங்கள் இந்தக் கரைகளில் ஒதுங்கியிருக்கின்றன. பாதையைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதல் பெருமளவு குறையும் என்பது ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. 2022இல் எம்எஸ்சி கப்பல் நிறுவனம் தானாக முன்வந்து தன் கப்பல்களை அப்படி மாற்றியது.

படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். தெற்கில் பெரும்பாலும் இரண்டு தட்டுப் பெரிய படகுகள் ஓடுகின்றன. திருகோணமலையிலும் வடமேற்குக் கரையின் கற்பிட்டியிலும் மீனவர்களின் கண்ணாடியிழைப் படகுகளே அதிகம். சுமார் பதினெட்டு அடி நீளம், ஒரு வெளியிணைப்பு இயந்திரம். சிறிய படகு திமிங்கிலத்துக்குத் தொல்லை குறைவு, ஆனால் முதுகெலும்புக்குத் தொல்லை அதிகம். அணியத்தில், அதாவது முன்முனையில், உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும். ஒவ்வோர் அலைக்கும் தூக்கிப் போடுவதும் அங்கேதான். முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்தச் சிறு படகில் ஏறாமல் இருப்பது நல்லது. மற்றவர்கள் நடுவுக்கும் கடையாலுக்கும், அதாவது பின்முனைக்கும், இடையில் உட்காரலாம். ஏறுமுன் பார்க்கவேண்டியவை எளிது: ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, அதன் பூட்டுகள் பூட்டுகின்றனவா, இரண்டாவது இயந்திரமோ குறைந்தது துடுப்போ இருக்கிறதா, தண்ணீர் இறைக்க வாளி இருக்கிறதா, கரையில் யாரிடமாவது பயணிகளின் பெயர்ப்பட்டியல் கொடுக்கப்பட்டிருக்கிறதா. அங்கியைப் பையில் கட்டிவைத்து “தேவைப்பட்டால் எடுக்கலாம்” என்றால் அது இல்லாததற்குச் சமம். தோளில் பிடித்து ஒருவர் மேலே இழுத்தால் அங்கி காதுக்கு மேலே போகக்கூடாது. போனால் அளவு பெரிது.

கடற்குமட்டலுக்கான மாத்திரை புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்கவேண்டும். வயிறு புரளத் தொடங்கிய பிறகு விழுங்குவது வீண். வெறும் வயிறும் கூடாது, ரோல்சும் பால்தேநீரும் கூடாது. பாணோ வாழைப்பழமோ போதும். குமட்டினால் தலையைக் குனிந்து கைபேசியைப் பார்க்காமல் தொடுவானைப் பார்க்கவேண்டும். புகை அடிக்காத பக்கம் போகவேண்டும். கீழ்த்தட்டில் படுக்கப் போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் நிலைமை மோசமாகும்.

கற்பிட்டிக்கு வருகிறவர்கள் திமிங்கிலத்தைவிட ஓங்கிலுக்காக (டொல்பின்) வருவது நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை சுழலும் ஓங்கில்கள் நூற்றுக்கணக்கில் கூடும். படகின் முன்னலையில் தாமாகவே வந்து நீந்தும். படகோட்டி நேர்கோட்டில், ஒரே சீரான வேகத்தில் போனால் போதும். வட்டமடித்தால் கலைந்துவிடும். சோளகம் தொடங்கிய பிறகு அதே ஊர் காற்றாடிச் சறுக்கலுக்கு (கைட் சர்ஃபிங்) மாறிவிடும்.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் இரண்டு சிறு தீவுகள். மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் இந்தப் பெயர். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நுழைவுச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்துடையது, படகுக் கூலி தனி. கரையில் ஒரே விலையாகச் சொல்லப்படும்போது சீட்டு அதில் அடங்குகிறதா என்று கேட்டுவிடவேண்டும். 1998இல் கடல் வெப்பமேறி இலங்கையின் மேற்கு, தெற்குப் பவளப்பாறைகள் வெளிறி அழிந்தபோது திருகோணமலைப் பக்கம் தப்பியது. ஹிக்கடுவையில் காணாத உயிர்ப் பவளத்தை இங்கே காணமுடிவது அதனால்தான். இந்தத் தப்பித்தல் நிரந்தரமில்லை. ஒரு நாளில் இறங்கும் நூற்றுக்கணக்கான கால்கள் வெப்பத்தைவிட வேகமாக வேலைசெய்யும்.

ஆழம் குறைந்த இடத்தில் முகமூடிக்குள் தண்ணீர் வந்ததும் பலர் செய்வது எழுந்து நிற்பது. காலடியில் இருப்பது பவளம். நிற்காமல் இருக்க வழி, முகமூடியைக் கரையிலேயே சரிபார்ப்பது. பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் கையை எடுத்தபிறகும் அது ஒட்டிநிற்கவேண்டும். முடி உள்ளே சிக்கினால் ஒழுகும். மீசைக்காரர்களுக்கு ஓரளவு ஒழுக்கு தவிர்க்கமுடியாதது. கண்ணாடியின் உட்புறம் எச்சில் தடவி ஒருமுறை அலசினால் பனிபடியாது. பட்டியை இறுக்குவதால் ஒழுக்கு நிற்காது, விளிம்பு வளைந்து கூடத்தான் செய்யும். வெயில் பூச்சுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டு நீந்தினால் முதுகும் தப்பும், பவளமும் தப்பும். கருநுனிச் சுறாக்களைப் பார்க்க ஏழு, எட்டு மணிக்குள் தண்ணீரில் இருக்கவேண்டும். கூட்டம் வந்ததும் அவை விலகிவிடும். அவை கூச்ச சுபாவம் உள்ளவை, துரத்தாமல் ஓரிடத்தில் மிதந்தால் தாமாகச் சுற்றி வரும். தீவின் முனைகளைச் சுற்றி நீரோட்டம் இழுக்கும், அதனால் மறுபக்கம் போய்ப் பார்க்கலாம் என்ற ஆசையை நீச்சல் தெரிந்தவர்களும் அடக்கிக்கொள்வது நல்லது. சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் தேய்க்கக்கூடாது, நன்னீர் ஊற்றக்கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை விரல் படாமல் எடுக்கவேண்டும்.

குளிப்பதற்கு மட்டும் என்றால் பாசிக்குடா. பாறை மறித்த வளைகுடா, நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. தென்மேற்குக் கரையில் சோளகக் காலத்தில் செங்கொடி பறந்தால் முழங்காலளவு தண்ணீரும் வேண்டாம். இழுவை நீரோட்டம் பார்வைக்கு அமைதியாகத் தெரியும். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலை உடையாத ஒரு வாய்க்கால் போல இருக்கும். பழக்கமில்லாதவர் “இங்கேதான் அலை இல்லை” என்று அதற்குள்ளேயே இறங்குவார். அகப்பட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக்கூடாது, கரைக்குச் சமாந்தரமாக நீந்தி அந்த வாய்க்காலைவிட்டு வெளியே வந்து, அலையோடு திரும்பவேண்டும். நீந்தத் தெம்பில்லை என்றால் மிதந்து கையை உயர்த்தவேண்டும். அது வெளியே இழுக்குமே தவிரக் கீழே இழுக்காது.

அறுகம்குடா அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். சோளகக் காலமே அங்கே பருவம். அலை வேண்டாதவர்களுக்குப் பக்கத்தில் பொத்துவில் களப்பு இருக்கிறது. மீனவர்கள் துடுப்பு வலித்துக் கண்டல் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். இயந்திரச் சத்தம் இல்லாததால் யானை தண்ணீருக்கு வருவதைக்கூடக் காணலாம். முதலையும் உண்டு, களப்பு வாயில்களில் குளிக்கக்கூடாது.

காட்டுக்குள் காற்றின் வேலையைத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. மின்னேரியாக் குளத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை இருநூறு, முந்நூறு யானைகள்வரை கூடும் என்று எல்லாரும் படித்திருப்பார்கள். ஏன் கூடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் எப்போது கூடாது என்பதும் விளங்கும். கோடையில் குளம் வற்ற, நனைந்த அடித்தரையில் இளம்புல் முளைக்கிறது. யானைகள் அதற்குத்தான் வருகின்றன. மேலேயுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டுக் குளம் கோடையிலும் நிரம்பிக் கிடந்தால் புல் மூழ்கிவிடும், யானையும் வராது. ஆகவே மாதத்தை மட்டும் பார்க்காமல், குளத்தின் நீர்மட்டத்தை ஜீப்காரரிடம் கேட்டுவிட்டு மின்னேரியாவா, கவுடுல்லவா என்று முடிவுசெய்யவேண்டும். நாள் குறைவாக இருந்து யானை கட்டாயம் வேண்டும் என்றால் உடவளவை. அங்கே ஆண்டு முழுவதும் நிற்கும்.

தென்கிழக்கில் உள்ள யால தேசியப் பூங்காவில் முதலாம் வட்டாரம் ஏறத்தாழ 141 சதுர கிலோமீற்றர். வருகிற ஜீப்புகளில் பெரும்பகுதி அதற்குள்தான். ஒரு சிறுத்தை மரத்தில் படுத்திருக்கிறது என்ற செய்தி கைபேசியில் பரவினால் பத்து நிமிடத்தில் பாதை அடைத்துவிடும். ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது முதல் வரிசையில் நிற்க, திஸ்ஸமகாராமவிலிருந்து ஐந்துக்கு முன்பே புறப்படவேண்டும். சிறுத்தையைத் துரத்தாமல் ஒரு நீர்க்குழியருகே இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கும் சாரதி கிடைத்தால் அவருக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். புலியோ சிங்கமோ இல்லாத தீவில் சிறுத்தைதான் உச்ச வேட்டையாடி. பகலிலும் திறந்த பாதையில் நடப்பது அந்தத் துணிச்சலில்தான். கரடி பார்க்க ஆசையென்றால் ஜூன், ஜூலை: பாலைப்பழம் பழுக்கும் காலம். பழத்துக்காக மரமேறிய கரடி அப்பொழுதில் யாரையும் கவனிப்பதில்லை. செப்டெம்பரில் வறட்சி கடுமையானால் முதலாம் வட்டாரத்தைச் சில வாரங்களுக்கு மூடிவிடுவது வழக்கம், தங்குமிடம் பதியுமுன் விசாரிக்கவேண்டும். மூடினால் வில்பத்துக்குப் போகலாம். கூட்டம் குறைவு, பொறுமை கூடுதலாக வேண்டும்.

ஆமை விடயத்தில் ஒரு எச்சரிக்கை. பேராமை, அழுங்காமை, பஞ்சலாமை, ஏழுவரி ஆமை, பெருந்தலை ஆமை என ஐந்து இனங்கள் இலங்கையில் முட்டையிடுகின்றன. தங்காலைக்கு அருகே றெக்கவவில் இரவில் மறைந்திருந்து பார்க்கலாம். வெள்ளை ஒளியும் படமெடுப்பும் கூடாது, வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். பகலில் தொட்டியில் குஞ்சுகளைக் காட்டிக் கையில் தரும் இடங்கள் வேறு வகை. பொரித்த குஞ்சுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் மட்டுமே ஆழ்கடலை எட்டும் வேகம் இருக்கும். அதைத் தொட்டியில் சுற்றவிட்டுச் செலவழித்தபின் கடலில் விட்டால் மீனுக்கு இரை.

கடைசியாக வடக்கு. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவு கால்மணி, இருபது நிமிடம். நெடுந்தீவு ஏறத்தாழ ஒரு மணி நேரம். நெடுந்தீவின் முருகைக்கல் (பவளக்கல்) வேலிகளும் பெருக்கமரமும் (பாவோபாப்) காட்டுக்குதிரைகளும் ஒரு பகலில் பார்க்கக்கூடியவை. ஓட்டோ ஒன்றைப் பேசிக்கொண்டால் நடக்கத் தேவையில்லை, நிழல் குறைவு. பாக்குநீரிணைப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. அதனால் காற்று சற்று ஏறினாலே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஆழ்கடல் அலைபோலத் தாலாட்டாது, உதறும். பலத்த காற்றில் படகுச் சேவையை நிறுத்திவிடுவார்கள். முதல் படகில் போய், இறங்கியவுடனேயே திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்குதுறையில் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். மறுநாள் காலை கட்டுநாயக்காவில் விமானம் என்றால் அந்தப் பயணத்தை முந்தின வாரத்துக்கே மாற்றிவிடுவது மேல்.